ஒரு நேரத்தில் ஒரு வரி

நுழையும்முன்

பல செய்திகளைச் சொல்ல வேண்டிய இடத்தில் எதை முன்னே வைப்பது, எதற்கு அழுத்தம் கொடுப்பது, அங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பவை பேசுவோர் அனைவருக்கும் எழும் கேள்விகள். கரும்பலகை இருந்த இடத்திற்குத் திரை வந்துவிட்ட இந்நாளில் அக்கேள்விகள் புதிய வடிவம் பெற்றுள்ளன. வகுப்பறையிலும் ஆய்வரங்கிலும் அலுவலகத்திலும் பட்டியல்களைத் திரையில் காட்டும் வாய்ப்பு இன்று எல்லாருக்கும் வருகிறது. அப்பட்டியலின் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டும் முறையை ஓர் ஆசிரியையின் பட்டறிவு வழியே இப்பாடம் விளக்குகிறது.

திரையில் ஒரு பட்டியல்

அவர் ஒரு மேல்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுண்ணக்கட்டியும் கரும்பலகையுமே அவருடைய கருவிகள். பள்ளியில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் அமைந்தபின், பகா எண்களுக்கு முடிவில்லை என்னும் தேற்றத்தை முதன்முறையாகத் திரையில் நடத்த முனைந்தார். மாணவர் வழக்கில் ஸ்லைடு எனப்படும் படவில்லை ஒன்றில் நிறுவலின் நான்கு படிகளையும் அழகாக வரிசைப்படுத்தினார். எழுத்துகள் தெளிவாக இருந்தன. எண்கள் பிழையின்றி இருந்தன. வகுப்பும் அமைதியாக இருந்தது.

பாடம் முடிந்தபின் அவர் ஒரு கேள்வி கேட்டார். "மூன்றாவது படியில் ஏன் ஒன்றைக் கூட்டினோம்?" நாற்பது மாணவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுடைய குறிப்பேடுகளில் நான்கு வரிகளும் பிசகில்லாமல் இருந்தன. ஆசிரியை முதல் வரியை விளக்கிக்கொண்டிருந்தபோதே மாணவர்கள் நான்காம் வரியை எழுதி முடித்திருந்தனர். எழுதி முடித்ததும் பாடம் முடிந்துவிட்டது என்று அவர்கள் மனம் கொண்டுவிட்டது. அவர்கள் கைக்கு வேலை இருந்த நேரத்தில் செவிக்கு வேலை இருக்கவில்லை.

கரும்பலகையில் இக்குறை நேர்ந்ததே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பலகையில் எழுதும் கை வரிக்கு வரிதான் நகரும். இரண்டாம் வரி எழுதப்படும்வரை மாணவர் கண் முன் இருப்பது முதல் வரி மட்டுமே. எழுதும் நேரமே சிந்திக்கும் நேரமாகவும் அமைந்தது. முக்கியமான இடத்தில் அவர் சுண்ணக்கட்டியால் பலகையைத் தட்டுவார், அடிக்கோடு இடுவார், சற்றே திரும்பி மாணவர் முகம் பார்ப்பார். திரைக்கு மாறியபோது எழுத்துகள் மட்டும் மாறி வந்தன. அந்தத் தட்டலும் அடிக்கோடும் இடைவெளியும் வரவில்லை.

தாளை நகர்த்திய கை

இச்சிக்கல் கணினியோடு பிறந்ததன்று. கணினிக்கு முன்பு வகுப்பறைகளில் தலைக்குமேல் ஒளிவீழ்த்தும் கருவி இருந்தது. ஒளி ஊடுருவும் தாளில் எழுதி அதன்மேல் வைத்தால், எழுத்து பெரிதாகிச் சுவரில் விழும். முழுத் தாளையும் ஒரே நேரத்தில் காட்ட விரும்பாத ஆசிரியர்கள் அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மூடி, பேசப் பேச அதைக் கீழே நகர்த்துவார்கள். மூடிய பகுதி சுவரில் இருளாகத் தெரியும். தாள் ஒரு வரி இறங்கினால் சுவரில் ஒரு வரி ஒளிபெறும். மின்விசிறிக் காற்றில் தாள் பறந்துவிட்டால் எல்லா இரகசியமும் ஒரே நொடியில் வெளிப்பட்டுவிடும்!

இன்னொரு முறையும் இருந்தது. முதல் தாளில் ஒரு பகுதி, அதன்மேல் வைக்கும் இரண்டாம் தாளில் அடுத்த பகுதி எனத் தனித்தனியே அச்சிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டுவர். தாள்கள் இம்மியளவு விலகினாலும் வரிகள் கோணலாகும். ஆகவே, எல்லாத் தாள்களிலும் ஒவ்வோர் எழுத்தும் அதனதன் இடத்திலேயே விழும்படி அச்சுக்கோப்பது இன்றியமையாததாயிற்று. இன்றைய மென்பொருள்கள் ஒருவரியாகக் காட்டும் முறைக்கு இந்த அடுக்குத் தாளே முன்னோடி.

அச்சுக்கோப்பும் கணினியும்

கணித நூல்களை அச்சிடுவது என்றுமே கடினமான பணி. அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் நூத், கணினி நிரலாக்கக் கலை பற்றிய தம் பெருநூலின் இரண்டாம் தொகுதிக்குப் புதிய பதிப்பு வரவிருந்தபோது, அதன் அச்சுப்படிகளைக் கண்டு மனம் நொந்தார். பழைய ஈய எழுத்து அச்சில் இருந்த அழகு புதிய ஒளி அச்சுமுறையில் இல்லை. குறை சொல்வதோடு நில்லாமல், 1977ஆம் ஆண்டு தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை வடிவமைக்கத் தொடங்கினார். அதுவே 'டெக்'. அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் என்னும் அறிஞர் 1980களின் முற்பகுதியில் 'லேடெக்' என்னும் அமைப்பை உருவாக்கினார். அறிவியல் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் இன்றும் பெருமளவில் இதில்தான் அச்சுக்கோக்கப்படுகின்றன. ஒளி ஊடுருவும் தாள்களை அடுக்கிக் காட்டுவதற்கென லாம்போர்ட் 'சிலிடெக்' என்னும் தனி அமைப்பையும் அளித்திருந்தார்.

2003ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் டில் டான்டாவ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் தம் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் படவில்லைகள் அணியம் செய்ய வேண்டியிருந்தது. அதற்காக லேடெக்கில் அவர் எழுதிய தொகுப்பே 'பீமர்'. அடுத்த மாதமே அதனை எவரும் பயன்படுத்துமாறு இணையக் களஞ்சியத்தில் வைத்தார். தம் தேவைக்கென ஒருவர் வெட்டிய கிணறு ஊருக்கே பயன்பட்டதுபோல், உலகெங்கும் உள்ள கணித, அறிவியல் அரங்குகளில் பீமர் பரவியது.

பீமரில் எழுதுபவர் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கோணக் குறிகளுக்குள் ஓர் எண்ணைத் தரலாம். <2-> என்று குறித்தால், அவ்வரி இரண்டாம் நிலையில் தோன்றி அதன்பின் மறையாமல் நிற்கும். <2> என்று மட்டும் குறித்தால், அந்நிலையில் மட்டும் தோன்றி மறையும். கணினி உண்மையில் செய்வது எளிய வேலைதான். நான்கு நிலைகள் வேண்டுமெனில் நான்கு பக்கங்களை அச்சுக்கோக்கிறது. நான்கும் ஒரே அமைப்பு. ஒரு வரி கூடுவதே வேறுபாடு. மறைந்திருக்கும் வரிக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கப்படுவதால், புதிய வரி தோன்றும்போது பழைய வரிகள் துள்ளுவதில்லை. பக்கங்களை விரைந்து புரட்டும்போது காண்பவருக்கு ஒரே பக்கத்தில் வரி வந்து சேர்வதாகத் தோன்றுகிறது.

தெரிந்து தெளிவோம்

'டெக்' என்னும் பெயர் டௌ, எப்சிலான், கை ஆகிய கிரேக்க எழுத்துகளால் ஆனது. கலை, கைத்திறன் என்னும் இரு பொருளும் தரும் கிரேக்கச் சொல்லின் முதற்பகுதி இது. 'பீமர்' என்பது ஜெர்மானிய வழக்கில் படவீழ்த்தியைக் குறிக்கும் சொல். டெக்கின் வழிவந்த சீடெக், லுவாடெக் ஆகியவை ஒருங்குறி எழுத்துருக்களைக் கையாள்வதால், தமிழிலும் இத்தகைய படவில்லைகளை அச்சுக்கோக்கலாம்.

"இன்னும் எத்தனை வரி?"

ஆசிரியை தம் இளமுனைவர் பட்ட ஆய்வேட்டை லேடெக்கில் அச்சுக்கோத்தவர். ஆகவே பீமரைக் கற்பது அவருக்குக் கடினமாக இல்லை. அடுத்த பிரிவு மாணவர்களுக்கு அதே தேற்றத்தை நடத்தியபோது, ஒவ்வொரு வரியும் அவர் விசையைத் தட்டினால் மட்டுமே தோன்றும்படி அமைத்தார். ஒவ்வொரு வரிக்கும் எண் தர வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. பட்டியலின் தொடக்கத்தில் <+-> என்று ஒருமுறை குறித்துவிட்டால் போதும். கணினியே வரிசையாக எண்ணிக்கொள்ளும்.

மாணவர்கள் இம்முறை முந்திச் சென்று எழுதவில்லை, எழுதவும் இயலவில்லை. எனினும் இரண்டாம் வரியிலேயே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "இன்னும் எத்தனை வரி இருக்கு, டீச்சர்?"

அது குறும்புக் கேள்வி அன்று. எங்கே போகிறோம், எவ்வளவு தொலைவு போக வேண்டும் என்பது தெரியாத பயணம் களைப்பைத் தரும். கரும்பலகையில் மீதமுள்ள வெற்றிடமாவது கண்ணுக்குத் தெரியும். திரையிலோ மறைந்திருப்பது நான்கு வரியா நாற்பது வரியா என்பதை மாணவர் அறிய வழியில்லை. எல்லாவற்றையும் காட்டியபோது மாணவர் ஆசிரியரை விட்டு முன்னே ஓடினர். எல்லாவற்றையும் மறைத்தபோது கண்கட்டி அழைத்துச் செல்லப்படுவதுபோல் உணர்ந்தனர்.

மங்கலும் ஒளிர்வும்

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு. வரிகளை முற்றிலும் மறைக்காமல் மங்கலாகக் காட்டும் வசதி பீமரில் இருக்கிறது. மூடப்பட்ட வரி இயல்பான அடர்த்தியில் 15 விழுக்காடு அளவே தெரியும். பட்டியல் எவ்வளவு நீளம், எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது காண்பவருக்கு விளங்கும். வாசித்து முந்திச் செல்ல மனம் தூண்டப்படாது.

இதனோடு 'அலர்ட்' என்னும் கட்டளையையும் சேர்க்கலாம். ஒரு வரியை எந்த நிலையில் எடுத்துக்காட்ட வேண்டுமோ அந்நிலையின் எண்ணைக் குறித்தால், அப்போது மட்டும் அவ்வரி வேறு நிறம் பெறும். பீமரின் இயல்பான அமைப்பில் அந்நிறம் சிவப்பு. அடுத்த நிலைக்குச் சென்றதும் முந்தைய வரி கருமைக்குத் திரும்ப, புதிய வரி சிவக்கும். சொல்லி முடித்தவை கருமையாகவும், சொல்லிக்கொண்டிருப்பது செம்மையாகவும், சொல்ல வேண்டியவை மங்கலாகவும் நிற்க, ஒரே திரையில் முக்காலமும் தெரியும்.

அழுத்தம் தருவதற்குத் தடித்த எழுத்தை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று ஆசிரியைக்குத் தோன்றியது, செய்தும் பார்த்தார். தடித்த எழுத்து சற்றே அகலமானது. ஒரு வரி தடித்தவுடன் அதன் கடைசிச் சொல் அடுத்த வரிக்கு இறங்கியது. கீழிருந்தவை எல்லாம் நகர்ந்தன. விசையைத் தட்டுந்தோறும் பட்டியல் குதித்தது. மாணவர் கண் கருத்தை விட்டு அந்தக் குதிப்பைக் கண்டு சிரித்தது. நிறமாற்றத்தில் இத்தொல்லை இல்லை. ஆயினும் நிறத்திலும் கவனம் வேண்டும். பகலொளி நிறைந்த அறையில் வெளிர் நிறங்கள் தெரியா. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத மாணவரும் வகுப்பில் இருக்கக்கூடும். ஆகவே அவர் அடர் நீலத்தைத் தேர்ந்தெடுத்து, வரியின் முனையில் ஒரு சிறு முக்கோணக் குறியையும் சேர்த்தார்.

யூக்ளிட் வகுப்பெடுத்தால்

பீமரின் பயனர் கையேட்டில் சுவையான கற்பனை ஒன்று உண்டு. பழங்கால கிரேக்கக் கணித மேதை யூக்ளிட், பகா எண்கள் பற்றிய தம் தேற்றத்தை ஒரு கருத்தரங்கில் வழங்கப் படவில்லைகள் அணியம் செய்வதாக அக்கையேடு விவரிக்கிறது. அந்த நிறுவலின் படிகள் இவை:

1. பகா எண்களுள் மிகப் பெரியது 'ப' எனக் கொள்வோம்.
2. 1 முதல் 'ப' வரையுள்ள எல்லா எண்களின் பெருக்கற்பலன் 'க' ஆகுக.
3. க + 1 என்னும் எண்ணை 2 முதல் 'ப' வரையுள்ள எந்த எண்ணால் வகுத்தாலும் 1 மீதி வரும்.
4. ஆனால், க + 1 என்பது 1ஐவிடப் பெரியது. ஆகவே அதனை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தே தீரும். அது 'ப'வைவிடப் பெரியது.

மிகப் பெரியது என்று கொண்டதைவிடப் பெரிய பகா எண் கிடைத்துவிட்டது. எனவே தொடக்கக் கூற்று பொய்.

கையேட்டின் யூக்ளிட் இப்படிகளை 1, 2, 3, 4 என வரிசையாகக் காட்டவில்லை. முதற்படியையும் கடைசிப் படியையும் ஒன்றாகக் காட்டிவிட்டு, இடையிலுள்ள இரண்டையும் பின்னர் ஒவ்வொன்றாக வெளிப்படுத்துகிறார். புறப்படும் இடமும் சேரும் இடமும் தெரிந்தபின், வழியைக் காண வேண்டும் என்னும் ஆர்வம் கேட்போரிடம் பிறக்கிறது. எழுதியுள்ள வரிசையும் வெளிப்படுத்தும் வரிசையும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்பதை ஆசிரியை இதிலிருந்து கற்றார். நூலுக்குரிய பத்து அழகுகளுள் ஒன்றாக நன்னூல் குறிப்பிடும் 'முறையின் வைப்பு' திரைக்கும் பொருந்துவதே.

மற்றொரு குறையும் அவருக்குப் புலப்பட்டது. <+-> என்னும் தானியங்கிக் குறி எல்லா வரிக்கும் ஒரே அளவு அழுத்தம் தருகிறது. ஆனால் நான்கு படிகளும் ஒரே எடை உடையவை அல்ல. நிறுவலின் உயிர் மூன்றாம் படியில் இருக்கிறது. முதல் வகுப்பில் யாரும் விடை சொல்லாத கேள்வியும் அதைப் பற்றியதே. ஆகவே அவர் தானியங்கிக் குறியை நீக்கிவிட்டு எண்களைத் தம் கையால் இட்டார். மூன்றாம் வரி மட்டும் தொடர்ந்து மூன்று நிலைகளில் ஒளிர்ந்து நின்றது. அந்நேரத்தில் அவர் திரையை விட்டுக் கரும்பலகைக்குச் சென்றார். 'ப' 5 எனக் கொண்டு 1, 2, 3, 4, 5 ஆகியவற்றைப் பெருக்கச் சொன்னார். 120 என்றனர். ஒன்றைக் கூட்டினால் 121. "இரண்டால் வகுத்துப் பாருங்கள், மூன்றால், ஐந்தால் வகுத்துப் பாருங்கள்." எதனால் வகுத்தாலும் 1 மீதி வந்தது. "அப்படியானால் 121 பகா எண்ணா?" சிலர் ஆம் என்றனர். முன்வரிசை மாணவி ஒருத்தி மட்டும் சற்று நேரம் கணக்கிட்டுப் பார்த்து, "இல்லை டீச்சர், பதினொன்றால் வகுபடும்" என்றாள். பதினொன்று ஐந்தைவிடப் பெரிய பகா எண். நான்காம் படி சொல்வதை அந்த மாணவி தானே கண்டுவிட்டாள். ஆசிரியை விசையைத் தட்டியபோது ஒளிர்ந்த நான்காம் வரி, மாணவர்கள் முன்பே அறிந்ததை உறுதிசெய்யும் வரியாக அமைந்தது.

அழுத்தம் பெறாத ஒரு வரி

அந்த ஆய்வகச் சுவரில் கல்பனா சாவ்லாவின் படம் இருந்தது. டான்டாவ் தம் ஆய்வுத் தேர்வில் பீமரை முதன்முறை பயன்படுத்திய அதே பிப்ரவரித் திங்களின் முதல் நாளில்தான் கல்பனாவும் உடன் சென்ற அறுவரும் உயிரிழந்தனர்.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டது. ஏறத்தாழ 82 நொடிகளில், எரிபொருள் தொட்டியின் மேலிருந்து பிய்ந்த நுரைக்காப்புத் துண்டு ஒன்று அதன் இடப்பக்க இறக்கையில் மோதியது. விண்ணோடம் வானில் சுற்றிக்கொண்டிருந்தபோதே, அந்த மோதலின் விளைவைப் பற்றிப் பொறியாளர்கள் ஆராய்ந்து, தம் கருத்துகளைப் படவில்லைகளாக மேலாளர்களுக்கு வழங்கினர். அவற்றுள் ஒன்றின் தலைப்பு, முந்தைய சோதனைத் தரவுகள் பாதுகாப்பின் பக்கமே நிற்கின்றன என்னும் எண்ணத்தைத் தந்தது. அதன்கீழ்ப் பட்டியலுக்குள் பட்டியலாக வரிகள் உள்ளொடுங்கிக்கொண்டே சென்றன. எல்லாவற்றுக்கும் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது உண்மையான செய்தி. சோதனையில் பயன்படுத்திய துண்டின் பருமன் 3 கன அங்குலம். விண்ணோடத்தில் மோதியதன் பருமன் 1920 கன அங்குலம் என மதிப்பிடப்பட்டிருந்தது. 640 மடங்கு பெரிய துண்டுக்கு அந்தச் சோதனை முடிவுகள் எவ்வாறு பொருந்தும்? அக்கேள்வியை எழுப்பும் வரி பட்டியலின் கடைப்படியில் ஒடுங்கிக் கிடந்தது.

பிப்ரவரி 1ஆம் நாள் தரையிறங்க வரும் வழியில் கொலம்பியா சிதறியது. விபத்தை ஆராய்ந்த குழு அவ்வாண்டு ஆகஸ்டில் அளித்த அறிக்கையில், தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்ட் டஃப்டி அப்படவில்லையைப் பற்றிச் செய்த ஆய்வையும் இணைத்தது. அதனைப் படிக்கும் உயர் அலுவலர் ஒருவர், அது உயிருக்கு ஆபத்தான நிலையைப் பேசுகிறது என்பதை உணராமல் போவதற்கு இடமிருக்கிறது என்று அக்குழு கருதியது. விரிவான தொழில்நுட்ப அறிக்கைகளின் இடத்தில் சுருக்கப் படவில்லைகளை வைக்கும் பழக்கத்தையும் கண்டித்தது. விபத்துக்கு ஒரு படவில்லையே காரணம் என்று சொல்வதற்கில்லை. நுரைத்துண்டும் நிருவாக முறையும் எனக் காரணங்கள் பல. எனினும் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தும், திரையில் இருந்தும், காண்பவர் கருத்தில் ஏறவில்லை என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

இந்நிகழ்வை ஆசிரியை மாணவர்களிடம் சொன்னபோது வகுப்பு சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தது. வரிகளை ஒவ்வொன்றாக ஒளிரச் செய்யும் மென்பொருள் அங்கே இருந்திருந்தாலும் போதாது என்று அவர் விளக்கினார். எந்த வரி ஒளிர வேண்டும் என்பதைக் கணினி அறியாது. எல்லா வரிக்கும் முறைவைத்து ஒளி தரவே அதற்குத் தெரியும். முதன்மையான செய்தி எது என்று முடிவுசெய்து அதைத் தலைப்புக்குக் கொண்டுவர வேண்டியவர் எழுதுபவரே.

ஒன்று தனித்து நிற்க

வரிசையில் மற்றவற்றிலிருந்து வேறுபட்டு நிற்கும் ஒன்றை மனம் எளிதில் நினைவில் கொள்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெட்விக் ஃபொன் ரெஸ்டார்ஃப் 1933இல் ஆய்வு வழி காட்டினார். அவ்வாறாயின், எல்லாமே வேறுபட்டு நின்றால் எதுவுமே வேறுபட்டு நிற்காது. ஒரு பக்கத்தில் ஐந்து நிறங்களும் பறந்து வரும் எழுத்துகளும் சுழலும் படங்களும் இருந்தால், கருத்துக்குச் சேர வேண்டிய கவனத்தை அலங்காரமே உண்டுவிடும். ஒரு படவில்லையில் 20 முதல் 40 சொற்கள் வரை இருந்தால் போதும் என்பது பீமர் கையேடு கூறும் அறிவுரை. அதற்கு மேற்பட்டவற்றைப் பேசுபவர் தம் வாயால் சொல்ல வேண்டும்.

பேச்சு முடிந்தபின் கையில் தரும் தாள் வேறு வகையானது. அங்கே ஒளிர்வும் மங்கலும் தேவையில்லை. 'கைத்தாள்' அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், நான்கு நிலைகளையும் பீமர் ஒரே பக்கமாக்கி, எல்லா வரிகளையும் முழுமையாகத் தருகிறது. வீட்டில் அமர்ந்து படிப்பவர் தமக்கு வேண்டிய வேகத்தில் படிப்பார், திரும்பிப் பார்ப்பார். அரங்கில் கேட்பவருக்கு அந்த உரிமை இல்லை. அவருடைய நேரம் பேசுபவர் கையில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு வரியைக் காட்டுவது, அவ்வாறு ஒப்படைக்கப்பட்ட நேரத்தைப் பொறுப்புடன் கையாளும் முறையாகும்.

ஆண்டு இறுதியில் அவ்வகுப்பு மாணவர்கள் தத்தம் செயல்திட்டத்தைத் திரையில் வழங்கினர். பதினொன்றைக் கண்டுசொன்ன மாணவி தன் ஊர் ஏரியின் நீர்மட்டம் பற்றிப் பேசினாள். திரையில் ஐந்து வரிகள் மங்கலாகத் தெரிந்தன. நான்கை அவள் விரைந்து கடந்தாள். ஐந்தாம் வரி ஒளிர்ந்ததும் பேச்சை நிறுத்தி, வகுப்பு அதைப் படித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஆசிரியை தம் மதிப்பெண் தாளைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியைப் படித்தார்.

கற்பவை கற்றபின்

1. உங்களுக்குப் பிடித்த பாடப்பகுதி ஒன்றை ஐந்து வரிகளில் பட்டியலிடுக. அவற்றுள் எந்த வரிக்கு மிகுதியான அழுத்தம் தருவீர்கள் என்பதைக் காரணத்துடன் வகுப்பில் கூறுக.

2. 'ப' என்பது 7 எனக் கொண்டு, இப்பாடத்தில் உள்ள நிறுவலின் படிகளைக் கரும்பலகையில் ஒவ்வொன்றாக எழுதி விளக்குக.

3. கரும்பலகையில் கற்பித்தல், திரையில் கற்பித்தல் ஆகிய இரண்டின் நிறைகுறைகள் பற்றிக் குழுவாகக் கலந்துரையாடுக.